‘இதுல என்ன மூவ் ஆகுது?’

ஒரு பிள்ளையின் கேள்வியைக் கைகழுவும் தொட்டிப் பக்கத்துச் சாக்கடையில் கொட்டிவிட்டு, அதே நாளில் மேடையில் சர் சி.வி.ராமன் படத்துக்கு மாலை போட்டீர்களே, உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அன்றிலிருந்து இந்தக் கேள்வியை நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கேட்டேன், பதில் வரவில்லை. அதனால் ஊரறியக் கேட்கிறேன்.

நான் தையல்காரி. திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். வெளிநாட்டுக்காரர்கள் வாங்கும் பருத்தி ஜிப்பா, தோள்பை, தியானத்துக்கு உட்காரும் மெத்தைக்கு உறை என்று செங்கம் ரோட்டுக் கடைகளுக்குத் தைத்துக் கொடுக்கிறேன். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். பௌர்ணமிக் கூட்டம் வந்தால்தான் எங்கள் மாதம் நிமிரும். அதிலிருந்து எடுத்துத்தான் மகளைத் தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்க வைக்கிறோம். கட்டணத்தைத் தவணை தவணையாகக் கட்டுகிறோம். ஒரு தவணையும் பாக்கி வைத்ததில்லை.

பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் பரிசு கிடைக்கவில்லை என்று புலம்ப வரவில்லை. பரிசு நாலு பேருக்குத்தான் கிடைக்கும் என்று எங்களுக்கும் தெரியும். என் பிள்ளை தோற்றிருந்தால் தேற்றியிருப்பேன். அவளைத் தோற்கடிக்கக்கூட இல்லை. அவள் என்ன செய்தாள் என்று பார்க்கவே இல்லை.

முதலில் அவள் என்ன செய்தாள் என்பதைச் சொல்கிறேன். அங்கே யாரும் கேட்காததை நீங்களாவது கேளுங்கள்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் போகாமல் அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ ஐம்பது சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டதில் தென்பெண்ணைக் கரையெல்லாம் வெள்ளக்காடானது. புயல் கடந்த மறுநாள், டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கள் ஊரில் வ.உ.சி. நகருக்கு மேலே மலை சரிந்தது. பாறையும் சேறும் வீட்டின் மேல் வந்து இறங்கின. ஏழு பேர் போனார்கள். அந்த ஏழில் ஐந்து பேர் சின்னப் பிள்ளைகள். மண்ணைத் தோண்டி ஒவ்வொருவராக எடுத்ததை இந்த ஊரே நெஞ்சில் அடித்துக்கொண்டு பார்த்தது. அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு, வல்லுநர்கள் வந்து மலையைப் பார்த்துவிட்டுப் போன பிறகு, பக்தர்களை மலையேற விடவில்லை.

பள்ளிக்கூடம் மூடியிருந்த அந்த நாட்களில் என் மகள் வாசல்படியில் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துவிட்டாளோ என்று நினைத்தேன். “ஏம்மா, அங்க சரிஞ்சுதே, நம்ம பக்கம் ஏன் சரியலை?” என்றாள். “எல்லாம் அண்ணாமலையார் புண்ணியம்” என்றார் என் மாமியார். “அங்க வீடுங்க மேல மேல ஏறிப்போச்சு” என்றார் வீட்டுக்காரர். அவள் இரண்டையும் கேட்டுக்கொண்டாள். அதோடு விடவில்லை.

மழை அளக்க வேண்டும் என்றாள். ஒரு தண்ணீர் பாட்டிலின் கழுத்துப் பாகத்தை அறுத்து, அதைத் தலைகீழாகக் கவிழ்த்து மேலே புனல்போல வைத்தாள். பாட்டிலின் அடிப்பாகம் மேடுபள்ளமாக இருக்கிறது, அங்கே அளந்தால் கணக்கு தப்பும் என்று கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழி என்று மார்க்கர் பேனாவால் கோடு போட்டாள். அதற்கு மேலே அவளுடைய ஸ்கேலை நூலால் கட்டினாள். நான் என் இஞ்ச் டேப்பைக் கொடுத்தேன். “அது வளையும்மா, மில்லிமீட்டருக்கு ஸ்கேல்தான் சரி” என்றாள். டிசம்பர் நடுவில் மறுபடி மழை வந்தபோது அந்த பாட்டில் மொட்டை மாடியில் நின்றது. விடிகாலையில் குடை பிடித்துக்கொண்டு மேலே போய்ப் பார்த்து நோட்டில் எழுதுவாள். தேதி, மழை நின்ற நேரம், எத்தனை மில்லிமீட்டர், தெருவில் ஓடிய தண்ணீர் என்ன நிறம். அந்தக் கடைசிக் கட்டத்தை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. மழைத் தண்ணீர் ஒருநாள் டீ நிறத்தில் ஓடுகிறது, ஒருநாள் வெளுப்பாக ஓடுகிறது, அதை எழுதவேண்டாமா என்று அவளாகவே போட்டாள்.

அந்தத் தண்ணீர் நிறத்திலிருந்துதான் கண்காட்சிக்கு அவள் செய்தது வந்தது. மூன்று பாட்டிலைப் படுக்கவைத்து மேல்பக்கத்தை நீளமாக வெட்டினாள். மூன்றிலும் ஒரே மண். மலையிலிருந்து ஒரு பிடி மண்கூட எடுக்கக்கூடாது, அது ஃபாரஸ்ட் இடம் என்று சொல்லி வீட்டுப் பின்பக்கத்து மண்ணையே சலித்து நிரப்பினாள். ஒன்றை வெறும் மண்ணாக விட்டாள். ஒன்றில் காய்ந்த இலைச் சருகு பரப்பினாள். மூன்றாவதில் கேழ்வரகு விதைத்து, பொங்கலிலிருந்து தண்ணீர் தெளித்துத் தெளித்து வேர் பிடிக்க வைத்தாள். மூன்றுக்கும் ஒரே சரிவு வரும்படி பாடப்புத்தகச் சைஸில் இருந்த என் துணிச் சாம்பிள் கட்டுகளை அடியில் முட்டுக் கொடுத்தாள். ஒரே டம்ளரால் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினாள். வெறும் மண்ணிலிருந்து சேறு கரைந்து வந்தது. சருகிலிருந்து வந்தது கொஞ்சம் கலங்கல். பயிரிலிருந்து மெதுவாக, அதுவும் கிட்டத்தட்டத் தெளிவாகச் சொட்டியது. தண்ணீரைத் தெளியவிட்டு, அடியில் தங்கிய மண்ணைக் காயவைத்து, காய்கறிக்காரம்மாவின் எலெக்ட்ரானிக் தராசில் எடை போட்டுக்கொண்டு வந்தாள்.

இதை வைத்து மலைச்சரிவுக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அட்டையில் அவளே எழுதியிருந்தாள்: “பெரிய மழையில் பாறையும் சேர்ந்து சரிவதை பாட்டிலில் காட்ட முடியாது. மேல்மண் போவதை மட்டும் பார்த்தேன்.” பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தன் பாட்டிலுக்குள் எது அடங்கும், எது அடங்காது என்று தெரிந்திருந்தது. எத்தனை பெரியவர்களுக்குத் தெரியும்?

மண் என்ன ஆகிறது என்ற அவள் கேள்விக்கு இந்த ஊரில் ஆழமான வேர் இருக்கிறது. ரமணர் காலத்துப் பழைய படங்களைப் பாருங்கள், எங்கள் மலை மொட்டையாக நிற்கும். இப்போது ஆசிரமத்தின் பின்வாசலைத் தாண்டி ஸ்கந்தாசிரமத்துக்கு நடந்தால் நிழலிலேயே பாதி தூரம் போகலாம். அது தானாக வந்த நிழலில்லை. 1980-களின் கடைசியிலிருந்து தொண்டு அமைப்புகளும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் கன்று நட்டு, குடம் சுமந்து தண்ணீர் ஊற்றி வளர்த்தது. கோடையில் எலுமிச்சை வாசனை அடிக்கும் அந்த உயரப் புல் காய்ந்து தீப்பிடிக்கும்போதெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக ஏறித் தழையால் அடித்து அணைத்துக் காப்பாற்றியது. அந்தப் பச்சைக்கு அடியில் மண் என்ன ஆகிறது என்று இந்த ஊர்ப் பிள்ளை கேட்டால், அதைவிட இந்த ஊருக்குச் சொந்தமான அறிவியல் எது? ஆசிரமத்தில் விற்கும் ‘நான் யார்?’ என்ற சின்னப் புத்தகமே, 1902-ல் சிவப்பிரகாசம் பிள்ளை மலைக்குகைக்கு வந்து கேட்ட கேள்விகளுக்கு, பேச்சை விட்டிருந்த ரமணர் எழுதிக்காட்டிய பதில்களிலிருந்து வந்தது. வாய் திறக்காதவர்கூடக் கேட்டவருக்குப் பதில் கொடுத்த மலை இது.

கண்காட்சிக்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சுற்றறிக்கையில் ‘வொர்க்கிங் மாடல் மட்டும்’ என்று போட்டிருந்தது. வாட்ஸ்அப் குரூப்பில் போன வருஷத்துப் பரிசு மாடல்களின் படங்களை அனுப்பி, இப்படிப் பளிச்சென்று இருக்கவேண்டும் என்றார்கள். அன்று சாயங்காலமே எல்லோரும் கடைக்கு ஓடினார்கள். ஊரில் ஸ்டேஷனரிக் கடைகளில் ‘ப்ராஜெக்ட்’ என்று கேட்டாலே எடுத்து வைக்கிறார்கள். எரிமலை, சூரியக் குடும்பம், சிரிஞ்சில் தூக்கும் ஜேசிபி, கை நீட்டினால் மூடி திறக்கும் குப்பைத்தொட்டி. இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் ஆர்டர் எடுத்து சென்சார் வைத்துச் செய்துகொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆயிரம், இரண்டாயிரம், கேட்பதற்கு ஏற்ற விலை. பேசவேண்டியதையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள், பிள்ளை மனப்பாடம் செய்தால் போதும். வாங்கிய பெற்றோரை நான் திட்டமாட்டேன். வாங்காவிட்டால் தன் பிள்ளையை ஓரங்கட்டிவிடுவார்கள் என்று அவர்களுக்கும் தெரியும். அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் யார்?

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள். வாசலில் கோலம், பலூன், ஃப்ளெக்ஸ். மேடையில் ராமன் படம், பக்கத்தில் குத்துவிளக்கு. வரவேற்புரையில் ராமனைப் பற்றி நீளமாகப் பேசினார்கள். 1921-ல் கப்பலில் போனபோது கடல் ஏன் இப்படி நீலமாக இருக்கிறது என்று கேட்டவர், வெயிலையும் கண்ணாடி வடிகட்டியையும் தன் கண்ணையும் வைத்துத் தேடத் தொடங்கியவர், 1928-ல் இதே தேதியில் கண்டுபிடித்தவர் என்று எல்லாம் சொன்னார்கள். நான் பின்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மனசு நிறைந்துபோனது. அப்படியென்றால் என் பிள்ளையை நிச்சயம் பார்ப்பார்கள் என்று நம்பினேன்.

அவளுக்குக் கொடுத்த இடம் வராண்டாவின் கடைசி, கைகழுவும் தொட்டிக்குப் பக்கம். கரென்ட் ப்ளக் தேவைப்படாத மாடல்களுக்கு அந்தப் பக்கம் என்றார்கள். அதுவும் சரிதான், தண்ணீர் பிடிக்கச் சௌகரியம் என்று அவள் சந்தோஷப்பட்டாள். நோட்டைத் திறந்து வைத்தாள். மூன்று பாட்டிலையும் துடைத்து வைத்தாள். கேழ்வரகுப் பயிர் ஒரு சாண் வளர்ந்து நின்றது. போகிற வருகிற சின்ன வகுப்புப் பிள்ளைகள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தன.

நடுவர்கள் வந்தார்கள். அவர்களோடு போட்டோகிராபர். ஒருவர் பாட்டில்களைப் பார்த்தார். அட்டையைப் படிக்கவில்லை, நோட்டைத் திருப்பவில்லை. “இதுல என்ன மூவ் ஆகுது?” என்றார்.

“தண்ணி ஓடும் சார். மண்ணு போகும். ஊத்திக் காட்டட்டுமா?” என்று டம்ளரைக் கையில் எடுத்தாள்.

“ஓ, ஸ்டில் மாடல்” என்று தாளில் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள். அவள் கையில் தண்ணீர் நிறைந்த டம்ளர் அப்படியே இருந்தது.

அதோடு போயிருந்தாலும் பொறுத்திருப்பேன். சிறப்பு விருந்தினர் வரப்போகிறார் என்று பரபரப்பு. தரையில் சேறு சொட்டியிருக்கிறது, டைல்ஸ் அழுக்காகிவிட்டது, இதை எடுங்கள் என்றார் ஒருவர். அவள் துணி எடுத்துத் துடைக்கக் குனிந்தாள். துடைத்து முடிப்பதற்குள் ஓர் ஆயா வந்து, சொன்னதைச் செய்யவேண்டிய அந்தம்மாவை நான் குறை சொல்லமாட்டேன், மூன்று பாட்டிலையும் தூக்கிப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டார். வேரோடு பிடித்திருந்த மண் கட்டியாக விழுந்தது, பயிர் மேலே கிடந்தது. “மிஸ், மிஸ்” என்று என் பிள்ளை கூப்பிட்ட குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. மிஸ் திரும்பிப் பார்த்து, “போட்டோவுக்கு வந்து நில்லு, அழக்கூடாது” என்றார்.

முதல் பரிசு தானாகத் திறக்கும் குப்பைத்தொட்டிக்கு. இரண்டாவது எரிமலைக்கு. எரிமலை வைத்திருந்த பையனிடம் என் மகள் போய், “எதனால பொங்குது?” என்று கேட்டாள். ஆசையாகத்தான் கேட்டாள். “தெரியாது, கடை அங்கிள் இந்தப் பொடியில இதை ஊத்தச் சொன்னாரு” என்றான். அந்தப் பையன் மேலும் எனக்குக் கோபமில்லை, அவனும் ஏமாற்றப்பட்ட பிள்ளைதான். சோடா உப்பில் வினிகர் ஊற்றினால் கரியமில வாயு நுரைத்துக்கொண்டு வரும். சிவப்புச் சாயம் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும். பூமிக்கு அடியில் பாறை உருகி ஏன் மேலே வருகிறது என்பதற்கும் அந்த நுரைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நடுவராவது அவனைக் கேட்டிருந்தால், அவனும் அன்று ஏதாவது கற்றிருப்பான். கண்ணெதிரே மலை சரிந்து பிள்ளைகளைப் புதைத்த ஊரில், மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், தெர்மாகோல் மலை நுரை கக்கியதற்குக் கை தட்டினார்கள். ஐயோ, அந்தக் கைதட்டலை என்னால் தாங்க முடியவில்லை.

பணமில்லாதவள் பொறாமையில் பேசுகிறாள் என்பீர்கள். அப்படியில்லை. இதே திருவண்ணாமலைக்காரப் பிள்ளைதான் வினிஷா உமாசங்கர். பள்ளிவிட்டு வரும் வழியில் இஸ்திரி வண்டிக்காரர் எரிந்த கரியைத் தரையில் கொட்டுவதைப் பார்த்தாள். ஒரு நாளைக்கு இவ்வளவு கரி எரிந்தால் ஊரெங்கும் எவ்வளவு எரியும், அந்தப் புகை எங்கே போகும், அதற்கு எத்தனை மரம் வெட்டுவார்கள் என்று கேட்டுக்கொண்டே போனாள். பன்னிரண்டு வயதில் வெயிலில் ஓடும் இஸ்திரி வண்டியை யோசித்து வரைந்தாள். 2020-ல் சுவீடனின் குழந்தைகளுக்கான பருவநிலைப் பரிசு. 2021-ல் எர்த்ஷாட் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம். அந்த வருஷம் நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் நின்று பேசினாள். அவளும் தொடங்கியது தன் தெருவைப் பார்த்ததில்தான். கரியைப் பார்த்த அந்த முதல் நாளில் யாராவது அவளிடம் “இதுல என்ன மூவ் ஆகுது?” என்று கேட்டிருந்தால்? அந்தப் பெண்ணின் படத்தை எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்துக்கு எதிரேதான் என் மகளின் பயிர் கிடந்தது.

கண்காட்சியை இப்படி நடத்தத்தான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அதை நினைத்தால்தான் ஆத்திரம் அதிகமாகிறது. 1993-லிருந்து தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு நடக்கிறது. நம் மாநிலத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதற்காகப் பாடுபடுகிறது. அங்கே பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, அளந்து, விசாரித்து, அன்றாடம் குறிப்பேட்டில் எழுதி, அந்தக் குறிப்பேட்டோடு வந்து பேசவேண்டும். மினுக்கும் விளக்குக்கு அங்கே வேலை இல்லை. மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் விருதுக்குத் தேர்வாகும் பிள்ளைக்கு, தன் சொந்த யோசனையைச் செய்துபார்க்க பத்தாயிரம் ரூபாய் வங்கிக் கணக்கிலேயே வருகிறது. அரசுப் பள்ளிகளில் 2022 நவம்பரிலிருந்து வானவில் மன்றம் என்று ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் கையால் சோதனை செய்ய ஏற்பாடு நடக்கிறது. இவற்றில் ஒன்றைப் பற்றியும் எங்களுக்கு ஒரு சுற்றறிக்கைகூட வந்ததில்லை. இதெல்லாம் பிறகு நூலகத்திலும் அக்கம்பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியர்களிடமும் விசாரித்து நானே தெரிந்துகொண்டது. பஸ் கட்டணம் உயர்ந்தால் மட்டும் அன்றே சுற்றறிக்கை வருகிறது.

மறுவாரம் நேரில் போய்க் கேட்டேன். காத்திருக்க வைத்தார்கள். கேட்டேன் என்பதற்காகச் சொன்ன பதில்: “அடுத்த வருஷம் நல்ல மாடலா செஞ்சு கொண்டாங்கம்மா, பிரைஸ் கொடுத்துடலாம்.” நான் பரிசு கேட்டு வந்ததாக நினைத்துக்கொண்டார்கள். நோட்டைக் காட்டினேன். கை நீட்டி வாங்கவில்லை. தையல்காரி கையில் இருந்த நோட்டு என்பதால் வாங்கவில்லையா? தமிழில் எழுதியிருந்ததால் வாங்கவில்லையா? நானும் பதில் தெரியாமல்தான் திரும்பினேன்.

வீட்டில் அவள் என்னிடம் கேட்டது இதைவிடக் கொடுமை. “அம்மா, நம்மகிட்ட காசு இருந்தா நானும் குப்பைத்தொட்டி வாங்கியிருக்கலாம்ல?” என் பிள்ளை அந்தப் பள்ளியில் அந்த வருஷம் கற்றது அதுதான். டிசம்பரில் மலையைப் பார்த்து ‘ஏன்’ என்று கேட்டவளை, பிப்ரவரியில் ‘காசு இருந்தா’ என்று கேட்கும்படி ஆக்கிவிட்டார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு இதைச் செய்தார்கள்.

ஆசிரியர்களே, உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். கடை மாடலைக் கண்காட்சிக்குள் விடாதீர்கள். விட்டால் அதை வைத்திருக்கும் பிள்ளையிடம், இது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள், பதில் தெரியாவிட்டால் கோபிக்காமல் சொல்லிக்கொடுங்கள். நோட்டு வைத்திருக்கும் பிள்ளையின் நோட்டைத் திறந்து ஒரு பக்கமாவது படியுங்கள். மதிப்பெண் போட்டால் அதற்குப் போடுங்கள். நடுவராக வருகிறவர்களே, போட்டோ எடுத்து முடித்த பிறகாவது வராண்டாக் கடைசிவரை நடந்து வாருங்கள். பெற்றோர்களே, நீங்கள் பத்துப் பேர் சேர்ந்து வாங்கமாட்டோம் என்று சொன்னால் அந்தச் சுற்றறிக்கை மாறும். நான் தனியாகச் சொன்னேன், மாறவில்லை.

மகளின் நோட்டு என்னிடம் இருக்கிறது. பாட்டில்களைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். மழையளவு பாட்டில் மறுபடி மாடிக்கு ஏறும், அவள் ஏற்றாவிட்டால் நான் ஏற்றுவேன். அறிவியல் சொல்லித்தரும் யாராவது ஒருவர், எந்தப் பள்ளியிலிருந்தாவது, எங்கள் சந்துக்கு வந்து அவளிடம் உட்கார்ந்து அந்த நோட்டைப் படியுங்கள்.